இரண்டு தரம் அவித்த கால்

சுத்தத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருப்பது நல்லது. பேசுகிற நேரத்தில் பாதியையாவது கை கழுவச் செலவிட்டிருந்தால் உலகம் எப்போதோ பிழைத்திருக்கும். இதை நான் ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. அப்படிப் பேசிக்கொண்டே இருந்த ஒருத்தியோடு இத்தனை வருடமாக ஒரே உடம்பில் குடியிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஏனாத்தூர்ப் பக்கம் படித்துவிட்டு, ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிது. என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் சரியாக விளங்கவில்லை. அம்மா அக்கம்பக்கத்தில் “டாக்டருக்குக் கத்தி எடுத்துக் குடுக்கிற வேலை” என்று சொல்லிவைத்திருந்தாள். நான் விடாமல் திருத்துவேன். கத்தி கொடுப்பது கடைசியில் வருவது. அதற்கு முன்னால் கருவிகளைக் கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், எண்ண வேண்டும், துணியில் கட்ட வேண்டும், நீராவியில் அவிக்க வேண்டும், அவிந்ததற்கு அடையாளமாக, கட்டின் மேல் ஒட்டிய பட்டையின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்வேன். அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்காரியிடம் “கத்தி எடுத்துக் குடுக்கிற வேலைதான்” என்பாள்.

படித்த படிப்பை வீட்டில்தான் முதலில் செயல்படுத்தினேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். முன்கூடத்தில் அப்பாவுக்கு ஒரு தறி, பெரியப்பாவுக்கு ஒரு தறி. இத்தனை பேருக்கும் தனித்தனித் துண்டு. கை துடைக்கிற துண்டில் முகம் துடைத்தால் குற்றம். வெளியிலிருந்து வந்து நேராகத் தண்ணீர்க் குடத்தில் சொம்பை விட்டால் பெருங்குற்றம். (பெரியம்மா என்னை ‘இன்ஸ்பெக்டரம்மா’ என்பாள். மரியாதையில் சொல்கிறாள் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.)

அந்த மழைக்காலத்தில் பெரியப்பா விழுந்தார். தறிக் குழியிலிருந்து எழுந்து வரும்போது கால் வழுக்கி, பக்கவாட்டில் தரையில் அடித்து விழுந்தார். படம் எடுத்துப் பார்த்ததில், இடுப்பில் போய்ப் பொருந்துகிற தொடை எலும்பின் முனை முறிந்திருந்தது. அதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒரு குண்டு வைத்தால்தான் மறுபடி நடக்கலாம் என்றார் டாக்டர்.

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் எங்கள் தெருவிலேயே இருந்தது. மூன்றாவது வீட்டு ஆறுமுகத்துக்கு எப்போதோ ஒரு ஆஸ்பத்திரியில் காலில் தகடு வைத்தார்கள். உள்ளே சீழ் பிடித்தது. திறந்தார்கள், கழுவினார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். கடைசியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவர் தினமும் சாயங்காலம் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து பெரியப்பா தறியருகே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். எந்த மருத்துவப் புத்தகத்தையும் விட அவர் லுங்கியின் மடித்துச் சொருகிய ஓரம் பெரியப்பாவுக்கு எல்லாவற்றையும் தெளிவாக விளக்கியிருந்தது. கட்டு வைத்தியரிடமே போகலாம், கட்டிலிலேயே கிடந்தாலும் கிடக்கிறேன் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இனிமேல் நான் சொன்னதை எழுதவே கை கூசுகிறது. “எங்க தியேட்டருக்கு வாங்க பெரியப்பா. நான் இருக்கேன். ஒரு கிருமியை உள்ள விட மாட்டேன்” என்றேன். கிருமிகள் எல்லாம் வாசலில் வந்து என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போகும் என்பது போலச் சொன்னேன். அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். “நீ சொல்றதால வரேன் பாப்பா. வேற யாரு சொன்னாலும் வர மாட்டேன்” என்றார்.

ஆபரேஷனுக்கு முன்தினம் வீட்டாரை வரிசையாக நிற்கவைத்து உத்தரவு போட்டேன். கையில் கட்டிய கயிறு கூடாது. மோதிரம் கூடாது. விபூதி கூடாது. பெரியம்மா கோயில் குங்குமத்தைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அவர் தலையணைக்குள் வைத்திருந்ததைக் கண்டுபிடித்து வெளியே எடுத்தேன். ஒரு சிட்டிகைதானே என்று கெஞ்சினாள். ஒரு சிட்டிகையில் எத்தனை கிருமி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்துக் கண்ணில் நீர் வரும்வரை பேசினேன். (அவள் கண்ணில்.) சாமி விஷயமெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு நிற்க வேண்டும் என்று சொல்லி முடித்தேன். இந்த வாக்கியத்தை என் சமாதியில் பொறிக்கலாம்.

மறுநாள் காலையில் மழை விடாமல் பெய்தது. வழக்கமாகக் கருவி மேசையைப் பார்த்துக்கொள்கிற பாபு அண்ணன் காய்ச்சல் என்று வரவில்லை. அதுவரை நான் அவருக்குப் பக்கத்தில் இரண்டாம் ஆளாகத்தான் நின்றிருக்கிறேன். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, உறவுக்காரர் ஆயிற்றே, உன்னால் முடியுமா, இல்லை நாளைக்குத் தள்ளிவைக்கட்டுமா என்று கேட்டார். நல்ல மனிதர், தப்பிக்க வழி காட்டினார். “உள்ள போயிட்டா எனக்கு உறவுன்னு யாரும் கிடையாது சார்” என்றேன். மெஹர் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தியேட்டருக்குள் கிருமி நீக்காத பொருளைத் தொட்டுச் செய்கிற வேலையெல்லாம், பொட்டலம் பிரிப்பது, விளக்கைத் திருப்புவது, வெளியிலிருந்து எதையாவது எடுத்துத் தருவது என்று எல்லாம் அவள் பொறுப்பு. உள்ளே போனதும் என் அங்கியின் நாடாவை முதுகில் இறுக்கிக் கட்டினாள்.

தியேட்டரில் விதி ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் கிளைகள். அங்கியும் கையுறையும் போட்டபின் கை, சுத்தமான பொருளைத் தவிர எதையும் தொடக்கூடாது. சொந்த முகமும் அசுத்தம்தான். மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

பெரியப்பாவுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். முழு மயக்கம் இல்லை. பீடி குடித்துக் குடித்து அவர் நெஞ்சு இருந்த நிலைக்கு அது ஆகாது என்று மயக்க மருந்து டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முகத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பெரியப்பா விழித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் மருந்து பூசிய ஒரு சதுரத் தோல். என் மேசை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. எல்லாம் நேர்கோட்டில்.

டாக்டர் கையை நீட்டினார். “கத்தி குடும்மா.”

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேலை நெய்து முடிந்ததும் தறியிலிருந்து அறுத்து எடுப்பார்கள். அறுக்கிற கத்தியைக் கொண்டுவந்து தருவது வீட்டின் சின்னப் பெண் வேலை. சும்மா தரக்கூடாது, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டுதான் தர வேண்டும். பாவாடை கட்டிய நாளிலிருந்து அந்த வேலை என்னுடையது. பெரியப்பா தறியில் உட்கார்ந்தபடி திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி “கத்தி” என்பார். நான் ஒற்றிக் கொடுப்பேன். எத்தனை சேலைக்குக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கத்தியை எடுத்தேன். வலது கண்ணில் ஒற்றினேன். இடது கண்ணில் ஒற்றினேன். டாக்டரிடம் நீட்டினேன்.

கைப்பிடிப் பக்கமாகத்தான் ஒற்றினேன். அந்த அளவுக்கு அறிவு இருந்தது.

நீட்டியிருந்த டாக்டரின் கை மெதுவாக மூடிக்கொண்டு பின்னால் போனது. இதயத் துடிப்பு காட்டுகிற கருவி மட்டும் கிண் கிண் என்று தன் வேலையைப் பார்த்தது. இந்த இடத்தில் நான் ஒரு சிலையாக நின்றிருந்தால்கூட நஷ்டம் சின்னதுதான்: கத்தியைக் கழித்துவிட்டு, அங்கியும் கையுறையும் மாற்றிக்கொண்டால் முடிந்துபோகிற விஷயம். ஆனால் எனக்குப் பதற்றம் வந்தால் ஒரு பழக்கம் உண்டு. அடுக்குவேன். கத்தியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அது கோணலாக இருந்தது. நேராக்கினேன். பக்கத்து இடுக்கியையும் நேராக்கினேன். அதற்குப் பக்கத்தில் இருந்ததையும். முகத்தைத் தொட்ட அதே கையுறையோடு மேசை முழுவதையும், ரம்பம் சுத்தி உட்பட, ஒன்று விடாமல் தொட்டு ஒழுங்குபடுத்திவிட்டேன்.

“கைய எடு சுகந்தி” என்றாள் மெஹர் அக்கா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேசை முழுவதும் போயிற்று. மருத்துவமனையில் அந்த ஆபரேஷனுக்கு வேறு செட் கருவி கிடையாது. அதையேதான் மறுபடி கட்டி அனுப்ப வேண்டும். அவித்து, உலர்ந்து, ஆறி வர வேண்டும். டாக்டர் அந்தச் சதுரத் தோலைச் சுத்தமான துணியால் மூடிவிட்டு, கைகளை மார்பருகே வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மரத்துப்போகப் போட்ட மருந்து எவ்வளவு நேரம் தாங்கும், தாங்காவிட்டால் முழு மயக்கம் கொடுத்தாக வேண்டுமே, இந்த நெஞ்சு அதைத் தாங்குமா என்று இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். என்னை யாரும் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரம் இருக்கும்போதுதான் மனிதர்கள் திட்டுகிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பா பேசினார். “டாக்டர் ஐயா, அறுத்துட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க” என்றார் டாக்டர்.

“ஏன்?”

டாக்டர் என்னைப் பார்த்தார். மெஹர் அக்கா என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை.

சொன்னேன். ஒரு தப்பு நடந்துவிட்டது, கருவி எல்லாம் மறுபடி அவிக்கப் போயிருக்கிறது, கத்தியைக் கண்ணில் ஒற்றிவிட்டேன் என்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து அவர் கேட்டார்: “ரெண்டு கண்ணிலயுமா?”

“ஆமா பெரியப்பா.”

“அப்ப சரியாத்தான் பண்ணிக்கிற.” கொஞ்சம் விட்டு, “டாக்டர் ஐயா, அதத் திட்டாதீங்க. நாங்கதான் பழக்கினோம்” என்றார்.

முகமூடிக்குள் டாக்டரின் கன்னம் அசைந்தது. சிரித்தாரா பல்லைக் கடித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

நான் வெளியே போய் மறுபடி கையைத் தேய்த்துக் கழுவினேன். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை, தோல் எரிகிறவரை. புது அங்கி, புதுக் கையுறை. அவித்த பெட்டி வந்தது. மெஹர் அக்கா வெளியுறையைப் பிரிக்க, நான் உள்ளேயிருந்ததை எடுத்து அடுக்கினேன். இந்த முறை கோணலாக இருந்ததைக் கோணலாகவே விட்டேன்.

டாக்டர் எழுந்து நின்றபோது பெரியப்பா மறுபடி கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. இவ்வளவு நேரம் விளக்கையும் சுவரையும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

“பாப்பா.”

“இங்கதான் இருக்கேன் பெரியப்பா.”

“ஆறுமுகம் கால்தான் கண்ணு முன்னால வந்துக்கினே இருக்குது. பயமா இருக்குதும்மா. கையக் கொஞ்சம் குடேன்.”

திரையின் ஓரத்தில் அவர் விரல்கள் தெரிந்தன. பட்டு இழையே பிடித்துப் பிடித்து நுனி வழுவழுப்பான விரல்கள். எட்டினால் தொட்டுவிடலாம்.

“முடியாது பெரியப்பா” என்றேன். “கையுறை போட்டுட்டேன்.”

விரல்கள் கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தன. மெஹர் அக்கா சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். “நான் இருக்கேன் நைனா, இது சும்மாக் கைதான்” என்றாள். ஆபரேஷன் முடிகிறவரை கூப்பிட்ட வேலைக்குப் போய்விட்டு மறுபடி அங்கேயே போய் நின்றாள். நான் டாக்டர் கேட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சுத்தியால் தட்டும்போது மருந்தின் வேகம் குறைய ஆரம்பித்து அவர் முனகினார். டாக்டரம்மா ஊசி வழியாக ஏதோ கொடுத்துச் சமாளித்தார். முழு மயக்கத்துக்குப் போகவில்லை, அதோடு முடிந்தது.

வெளியே வந்ததும் டாக்டர் என்னிடம் பேசியது ஒரே ஒரு விஷயம்தான். “நீ பண்ணத எல்லாரும் பாத்தோம், மாத்திட்டோம். யாரும் பாக்காம இருந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்பன்னு வீட்டுக்குப் போய் யோசி.” இதுவரை பல தடவை யோசித்திருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்றுதான் விடை வருகிறது. ஆனால் விடை வருவதற்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நேரம் ஆகிறது.

அதன்பிறகு வந்த நாட்களைப் பற்றி வேடிக்கையாக எழுத ஒன்றும் இல்லை. உலோகத்தில் கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்து எளிதில் அங்கே எட்டாது. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் தையலின் ஓரம் சிவந்திருக்கிறதா, கசிகிறதா, தொட்டால் சுடுகிறதா என்று பார்ப்பேன். பெரியம்மா தையலைப் பார்க்க மாட்டாள். என் முகத்தைத்தான் பார்ப்பாள். குங்குமப் பொட்டலத்தை அவள் முந்தானையில் முடிந்து வைத்திருப்பது தெரிந்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

நடுவில் ஒருநாள் பெரியப்பாவுக்குக் குளிர் எடுத்துக் காய்ச்சல் வந்தது. அன்றைக்கென்று ஆறுமுகம் மாமா கட்டையை ஊன்றிக்கொண்டு பார்க்க வந்து, “எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிது” என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன். அங்கேகூடக் கதவில் கையைச் சாய்க்காமல்தான் அழுதேன். பழக்கம்.

கடைசியில் காய்ச்சல் சிறுநீர்க் குழாயால் வந்தது என்று தெரிந்தது. குழாயை எடுத்து மருந்து கொடுத்ததும் விட்டுவிட்டது. தையல் காய்ந்தது. பெரியப்பா நடைச்சட்டத்தைப் பிடித்து நின்றார், பிறகு நடந்தார். குழியில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தறியை அப்பா பார்த்துக்கொள்ள, அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அப்பா செய்வதில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். உடம்பு தேறிவிட்டது என்று அப்போதுதான் எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் காலைத் தட்டிக் காட்டுவார். “ஊர்ல இருக்கிறவன் கால்ல எல்லாம் ஒரு தரம் அவிச்ச இரும்பு. என்னுது ரெண்டு தரம் அவிச்சது. எங்க பாப்பா ஸ்பெஷலா சொல்லிப் பண்ணவெச்சிது” என்பார். சரிகை வாங்க வருகிற பாய்க்கும் இதே கதை, கரெண்ட் கணக்கெடுக்க வருகிறவருக்கும் இதே கதை. நான் திருத்துவேன். இரண்டு தரம் நடந்தது கருவிகளுக்குத்தான். உள்ளே வைத்த உலோகம் தனி உறையில் முத்திரையோடு வந்தது, அதை நாங்கள் அவிக்கவே இல்லை என்பேன். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. என் கல்யாணத்தில் சம்பந்திகளிடமும் இதைச் சொல்லி, நான் மணவறையிலிருந்தே திருத்த வேண்டியதாயிற்று.

போன வருடம் பெரியப்பா போய்விட்டார். நெஞ்சுதான். ராத்திரி தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. கால் கடைசிவரை நன்றாகவே இருந்தது.

பால் தெளிக்கிற அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சுடுகாட்டு வாசலில் நின்றிருந்தோம். எங்கள் பக்கத்தில் பெண்கள் உள்ளே போவதில்லை. பெரியம்மா போவேன் என்றாள், யாரும் தடுக்கவில்லை, நானும் கூடப் போனேன். எலும்பு பொறுக்கும்போது வெட்டியான் சாம்பலைக் கிளறி, கரி படிந்த ஒரு குண்டையும் அதோடு சேர்ந்த தண்டையும் எடுத்து மண்சட்டி ஓரத்தில் வைத்தார். இது எரியாதும்மா, இன்னா பண்றது என்று கேட்டார்.

எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “மூணாவது தரம்” என்றார்.

நான் உடனே, யாரும் கேட்காமலே, வகுப்பில் பதில் சொல்கிற குரலில் சொன்னேன்: “முதல் ரெண்டு தரம் கருவிக்குத்தான்பா. இது தனி உறையில வந்தது. இதுக்கு இதான் முதல் தரம்.”

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அப்பா அவள் தோளைப் பிடித்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் போனதிலிருந்து முதல் சிரிப்பு அது. சாம்பல் முன்னால் நின்றுகொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். வெட்டியான் ஒன்றும் புரியாமல் அந்த உலோகத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

கத்தியைக் கண்ணில் ஒற்றிய கதையை இப்போது வீட்டில் யாரும் சொல்வதில்லை, அது பழையதாகிவிட்டது. சொந்தக்காரர் யாராவது புதிதாக வந்தால், என்னை அறிமுகப்படுத்தும்போது அப்பா இப்படித்தான் ஆரம்பிக்கிறார்: “இது என் பொண்ணு. சுடுகாட்டுல நின்னுக்கினு எங்க அண்ணனுக்குக் கணக்குத் திருத்துனது இதுதான்.”